கிரகண இருட்டில் நீட்டிய பஜ்ஜி

அன்பு அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததா? எனக்குக் கோபத்தைத் தவிர வேறு நோய் இல்லை.

முழுச் சூரிய கிரகணத்தைப் படம் எடுக்க நேற்று ஹூஸ்டனிலிருந்து நான்கு மணி நேரம் காரில் போனேன். கூட வந்தவன் ஆபீஸ் நண்பன் ஷ்யாம்சுந்தர், நம் தாம்பரத்துக்காரன்தான். நீங்கள் கொடுத்த கேமராவை ஸ்டாண்டில் மாட்டிக் காத்திருந்தேன். இருட்டு மொத்தமே நான்கு நிமிடம். இருட்டியதும் இந்த மடையன் பஜ்ஜி டப்பாவை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறான்!

"இஃப்ரா, சூரியன் போயாச்சு, நோன்பத் தொற! நாலு நிமிஷம்தான் டைம்!"

தள்ளிவிட்டதில் ஸ்டாண்ட் சாய்ந்தது. நிமிர்த்துவதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. எடுத்த ஒரே படத்தில் அவன் முழங்கைதான் இருக்கிறது. கிரகணத்தில் சாப்பிடக் கூடாதென்று அவன் அம்மா போனில் சொன்னதால் அவன் மட்டும் காலையிலிருந்து பட்டினி! அவன் விரதம் விரதம், என் நோன்பு விளையாட்டா? திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

சூரியன் மறைந்த மக்ரிப் நேரத்தில் காரை ஓரமாக நிறுத்தினான்.

"இப்ப நெஜமாவே போயிடுச்சா?"

டப்பாவைத் திறந்தான். கிரகணம் விட்டு ஐந்து மணி நேரமாகியும் ஒரு பஜ்ஜிகூடக் குறைந்திருக்கவில்லை. இந்த இருபத்தொன்பது நாளில் என்னோடு உட்கார்ந்து நோன்பு திறந்த ஒரே ஆள், அத்தா.

கோபம் தீரவில்லை. பஜ்ஜியில் உப்புமில்லை, காரமுமில்லை. அயூப் மாமா இங்கே வரும்போது அம்மா அரைத்த மிளகாய்த்தூள் கொடுத்தனுப்புங்கள். இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி.

ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
இஃப்ரா