விளக்குப் போட்டால் எழும் முள்

லட்லோ,
12 அக்டோபர் 1986

அன்புள்ள டெஸ்மண்ட் சித்தப்பாவுக்கு,

ஹேசல் எழுதுவது. அப்பா நம் கொட்டகையில் தன் கையாலேயே கட்டிய கார் ஓடுகிறது. அவர்தான் ஒரு நாளும் அதில் போகாமல் கண்ணை மூடிவிட்டார்.

சிரிக்காமல் படியுங்கள். எஞ்சின் ஓடும்போது முகப்பு விளக்கைப் போட்டால், வெப்பம் காட்டும் முள் மெல்ல எழுகிறது. அணைத்தால் படுத்துக்கொள்கிறது. அப்பா ஒற்றைப் புருவத்தைத் தூக்குவாரே, அதே மாதிரி.

அடக்கத்துக்குப் பிறகு வாசலைத் தாண்டாத அம்மா, இப்போது தினமும் இரண்டு கோப்பைத் தேநீரோடு காரில் வந்து உட்காருகிறாள். "ராய், மழை வருமா? துணிய உள்ள எடுத்துரவா?" என்று அப்பாவைக் கேட்டுவிட்டு, "ம், லைட்டப் போடுடி" என்கிறாள். முள் எழுந்தால் ஆமாம். அது எப்போதும் எழுகிறது. "உசிரோட இருந்தப்ப மனுஷன் இவ்வளவு ஒத்துப்போனதே இல்லடி" என்கிறாள்.

சித்தப்பா, இது என்ன?

உங்கள்,
ஹேசல்


விட்பி,
16 அக்டோபர் 1986

என் அருமை ஹேசல் கண்ணுக்கு,

வடகடல் திமிங்கிலங்கள் எழுந்து நின்று மரியாதை செய்யும் படகு மின்கம்பி மாமேதை, உன் சித்தப்பன், ஆசி கூறி எழுதுவது. நான் நலம். போன வாரக் காற்றில் என் தொப்பி நார்வேக்குப் போய்விட்டது. அங்கே குடியுரிமையும் வாங்கிவிட்டதாகக் கேள்வி.

கண்ணு, அது ஆவி இல்லை. பெயிண்ட்.

அந்த முள்ளுக்குச் சேதி சொல்லும் சென்சார் எஞ்சின் இரும்பில் திருகியிருக்கிறது. அதற்கு எர்த் அந்த எஞ்சின்தான். எஞ்சினோ ரப்பர் மெத்தைமேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வண்டியின் உடம்பு ஃபைபர். ஆக, எஞ்சினிலிருந்து அடிச்சட்டத்துக்குப் போகும் ஒரு செம்புப் பட்டைதான் மின்சாரம் வீடு திரும்ப வழி. துரு அண்டக் கூடாதென்று உன் அப்பன் அடிச்சட்டத்துக்குப் பூசிய பெயிண்டில் மகாராணியின் அரண்மனைக்கே கூரை போடலாம். பட்டையை அந்தப் பெயிண்ட் மேலேயே முடுக்கியிருப்பான். போல்ட்டின் மரை மட்டும் கொஞ்சம் கடித்துக்கொண்டிருக்கும். விளக்குக்கு மின்சாரம் கூடுதலாக ஓடும்போது அந்த இடுக்கில் நெரிசல், முள் பொய் சொல்கிறது. காலையில் வண்டி இருமிக்கொண்டுதானே கிளம்புகிறது?

போல்ட்டைக் கழற்றி, வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, இறுக்கு. தள்ளிப்போடாதே. முள் எழுந்தாலே அப்பா என்று பழகிவிட்டால், நிஜமாகவே எஞ்சின் கொதிக்கிற அன்றைக்கு நீயும் அண்ணியும் அதனோடு குசலம் விசாரித்துக்கொண்டிருப்பீர்கள்.

இப்படிக்கு,
மாமேதை டெஸ்மண்ட்


லட்லோ,
9 நவம்பர் 1986

அன்புள்ள சித்தப்பா,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. சுரண்டவும் மனம் வரவில்லை.

போன ஞாயிறு மதியம் க்ளீ மலை ஏறினோம். விளக்கே போடவில்லை, முள் தானாக எழுந்தது. அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "பாருடி, கேக்காமலே பேசறார்!" நானும் நிறுத்தவில்லை, சித்தப்பா. முள் உச்சிக்குப் போயிற்று. "கோவமா ராய்? நான் என்ன பண்ணேன்?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்குள் எஞ்சினின் வெந்நீர்க் குழாய் வெடித்தது. நான் தடுப்பதற்குள் இறங்கி ஓடிப்போய் பானட்டைத் திறந்துவிட்டாள். இரண்டு கையிலும் கொப்புளம்.

குழாயை மாற்றிவிட்டு இன்று சுரண்டினேன். பெயிண்ட் ஏடு ஏடாக உரிந்தது. ஒரு ஏட்டில் அவருடைய பிரஷ் மயிர் ஒன்று ஒட்டியிருந்தது.

அம்மா கட்டுப்போட்ட கையோடு வந்து உட்கார்ந்தாள். "ராய்?" என்றாள். விளக்கைப் போட்டேன். முள் அசையவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

"விடுடி. தூங்கட்டும்."

உள்ளே போய் அப்பாவின் கோப்பையை அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

ஹேசல்


விட்பி,
14 நவம்பர் 1986

ஹேசல்,

அண்ணிக்குக் கை எப்படி இருக்கிறது? நீ செய்தது சரிதான். நான் சொன்னதும் சரிதான்.

இன்றைக்குத் திமிங்கிலம் எதுவும் இல்லை. உன் முதல் கடிதம் வந்த அன்றே ரயிலேறியிருக்கலாம் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அந்த சீட்டில் உட்கார்ந்து, உன்னை விளக்குப் போடச் சொல்லி, "ராய், டெஸ்மண்ட் வந்திருக்கேன், தெரியுதா?" என்று ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

முள் எப்போதும் ஆமாம்தான் சொல்லும் என்று எழுதியிருந்தாய்.

டெஸ்மண்ட்


லட்லோ,
20 நவம்பர் 1986

அன்புள்ள சித்தப்பா,

உங்கள் இரண்டு கடிதத்தையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். படித்து மடித்து வைத்தாள். பிறகு, "ஞாயித்துக்கெழமை அவன வரச் சொல்லு. வந்ததும் அந்த போல்ட்ட லேசாத் தளர்த்திவிடு. அவன் பேசி முடிச்சதும் இறுக்கிரு. மலைக்கு மட்டும் அப்படிப் போகக் கூடாது" என்றாள்.

"வெறும் பெயிண்ட்தான்னு படிச்சியேம்மா?" என்றேன்.

"பெயிண்ட்தான். அடிச்சது யாரு?"

மேல்தட்டிலிருந்து கோப்பையை இறக்கி வைத்திருக்கிறாள். உங்களுக்கா, அப்பாவுக்கா என்று நான் கேட்கவில்லை. ஸ்பேனர் சீட்டின்மேல் இருக்கிறது. புதுத் தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள். காருக்கு மேற்கூரை கிடையாது.

உங்கள்,
ஹேசல்