எல்லாப் பலகையும் நீலம்

மார்ச் 3, திங்கள்

ஆஸ்பத்திரிப் பலகைகளை மாற்றிவிட்டார்கள். இதுவரை இதயம் சிவப்பு, தோல் மஞ்சள், நரம்பு பச்சை. நிறத்தைப் பார்த்துத்தான் இரண்டு வருடமாக நோயாளிகளை வீல்செயாரில் தள்ளினேன். இப்போது எல்லாம் நீலம், எல்லாம் இங்கிலீஷ். தமிழும் சிங்களமும் அடுத்த மாதம் வருமாம். வெள்ளவத்தை பஸ்ஸின் பெயரை வாசிக்க என் ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் போதும். இந்தச் சொற்களோ பஸ் நீளம்.

மார்ச் 4

இதயத்தைக் காட்ட வந்த நாகேந்திரம் ஐயாவைத் தோல் டொக்டரின் வாசலில் கொண்டுபோய் விட்டேன். "பிள்ளை, எனக்குச் சொறி ஒண்டும் இல்லையே," என்றார். அவர் சிரித்தார். சுப்பவைசர் ஜவாத் சேர் சிரிக்கவில்லை. "நேசமலர், வெள்ளிக்கிழம எல்லாப் போர்ட்டையும் வாசிச்சுக் காட்டுங்க. ஏலாட்டி திரும்பத் தரை கழுவுற வேலதான்."

முழங்காலில நிண்டு நாலு வருசம் கழுவினனான். திரும்பவுமோ? — ஏலாது.

மார்ச் 5

தேத்தண்ணி நேரம் ஷெரோமி மிஸியைப் பிடித்தேன். என்னைவிட இருபது வயது இளைய நேர்ஸ். கை தட்டிக் காட்டினார்: கார்-டி-ஓ-லொ-ஜி. ஐந்து தட்டு.

"முழுசா விழுங்காதேங்கோ அக்கா, துண்டு துண்டாச் சாப்பிடுங்கோ. லொஜி எண்டால் படிப்பு, அது எல்லாத்துக்கும் ஒரே வால். தலையைப் பாருங்கோ. கார்டியோ இதயம், டேர்மா தோல், நியூரோ நரம்பு."

அட, இவ்வளவு நாளும் வாலைப் பார்த்து மீன் வாங்கியிருக்கிறேன்!

"ஏன் மிஸி, இங்கிலீஷ்காரனிட்ட ஒரு வால்தான் இருந்ததோ?"

மிஸிக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

மார்ச் 6

மிஸி எழுதித் தந்த ஆறு பெயரையும் பஸ்ஸில் கை தட்டித் தட்டிப் படித்தேன். பக்கத்திலிருந்தவர் எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மார்ச் 7, வெள்ளி

ஆறு பலகையும் சரி. அப்பாடா என்று திரும்பினால், ஜவாத் சேர் மூன்றாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நேற்று அடித்த புதுப் பலகை ஒன்று. மிஸி சொல்லித்தராதது. வெட்கத்தை விட்டுத் தட்டினேன். காஸ்-ட்ரோ-என்-டெ-ரொ-லொ-ஜி. ஏழு தட்டு! வால் தெரியும். தலை? காஸ்ட்ரோ... காஸ்ட்ரைட்டிஸ் எனக்கே இருக்கே!

"வயிறு, சேர்."

அவர் பலகையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "சரிதான். எனக்கே இது வாய்க்குள்ள வராது."

"தட்டிப் பாருங்கோ சேர்."

அங்குமிங்கும் பார்த்துவிட்டு, அவரும் மெல்லத் தட்டினார்.

மார்ச் 10, திங்கள்

நாகேந்திரம் ஐயா ரிப்போர்ட் காட்ட வந்தார். "பிள்ளை, இண்டைக்கு எங்க கொண்டுபோறாய்?"

"சொறிக்குத்தான் ஐயா."

சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடிச் சாய்ந்தவர், இதய டொக்டரின் வாசல் வரும்வரை ஒரு பலகையையும் பார்க்கவில்லை.