சுவரைத் தடவிப் பாருங்கள்

அப்பாவுக்கு வணக்கம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், சளி மட்டும் விடவில்லை.

இந்த ஊரில் தங்கம் தீர்ந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது காலிச் சுரங்கத்தைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள். அந்தக் காலச் சுரங்க முதலாளியின் மாளிகையைச் சுற்றிக்காட்டி, பிறகு பயணிகளைச் சுரங்கத்துக்குள் அழைத்துப்போவது என் வேலை. அடியில் விளக்கை அணைத்து இருட்டைக் காட்டுவேன். நேற்று அணைத்த விளக்கு திரும்ப எரியவில்லை, மின்சாரம் போய்விட்டது. அதுவும் காட்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். பயப்படாதீர்கள், கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது.

அதுவரை சும்மா நிற்க முடியாமல், "சுவரைத் தடவிப் பாருங்க" என்றேன். உளித் தழும்புகள் கோடு போட்டதுபோல நேராக ஓடும். அந்தக் காலத்துத் தொழிலாளிகள், மெழுகுவர்த்திக்குக் கூலியில் காசு பிடித்ததால், அதை அணைத்துவிட்டு இருட்டில் தடவித் தடவியே குடைந்தார்களாம். சொன்னதும் கைகள் மறுபடி சுவரில் உரசும் சத்தம் கேட்டது. மலையைக் குடைந்த அவர்களுக்கு மாளிகையில் ஒரு படம்கூட இல்லை.

மேலே வந்ததும், பயணிகள் பேசிக்கொண்டதைக் கேட்டு மேலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "எழுதிக் குடுத்ததை மட்டும் பேசுப்பா. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்குவேன்."

"அவனையும் ஒருதடவை சுவரைத் தடவச் சொல்லுங்க சார்" என்றேன்.

இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்புங்கள். பதில் எழுதும்போது அம்மா பக்கத்தில் நின்று சொல்வதை அப்படியே எழுதுங்கள், திட்டாக இருந்தாலும் சரி.

கூட்டம் வந்துவிட்டது, போகிறேன். வேலை போய் வீட்டு வாசலில் வந்து நின்றால் ஏன் என்று கேட்காதீர்கள். இன்றும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

உங்கள் மகன்