குழலிக்கு இல்லை, அம்மா

தன் தட்டைக் கடைசிவரை என்னைத் தொடவிடாத என் தங்க அம்மாவுக்கு,

இல்லையாம்! உன் பேத்திக்கு அது இல்லையாம், அம்மா! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. காலையிலிருந்து இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஆட்டோக்கார அண்ணாச்சியிடம்கூடச் சொன்னேன். எது இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? "ரொம்ப சந்தோசம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

தென்காசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். அதன் வாசலில், சாரலில் நனைந்துகொண்டே ரிப்போர்ட்டைப் பிரித்தேன். நாள் முழுக்க இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊராருடைய மனுக்களைப் படித்துத் தள்ளுகிறவள் நான். எனக்கு இரண்டு வரி படிக்க வரவில்லை. முதல் வரியில் நெகட்டிவ் என்று இருந்தது. இரண்டாவது வரியில் பாசிட்டிவ். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். தாளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். ரத்தம் எடுக்கிற அக்கா வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

"ஏம்மா அழுத? மொத வரி, கிருமி இருக்கான்னு பாக்க. இல்ல. ரெண்டாவது வரி, அந்தக் கிருமிய அடிச்சு வெரட்ட ஒடம்புல சக்தி இருக்கான்னு பாக்க. அது ஏகத்துக்கு இருக்கு. ரெண்டும் இப்படித்தான் வரணும். போ, போயி இனிப்பு வாங்கு."

உனக்கு இதில் பாதிதான் புரியும். முன்பாதியை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. உன் போட்டோவுக்கு விளக்கேற்றும்போதுகூடச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மா, உனக்கு இருந்த அந்த மஞ்சள்காமாலைக் கிருமி, ஹெபடைட்டிஸ் பி, எனக்கும் இருக்கிறது.

பதறாதே. நன்றாக இருக்கிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், எடைகூட ஏறியிருக்கிறது.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோதுதானே உனக்குக் கண் மஞ்சளானது? கீழாநெல்லி அரைத்துக் குடித்தாய். உப்பில்லாமல் பத்தியம் இருந்தாய். அருவித் தண்ணீரில் மூலிகை கலந்து வருகிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குற்றாலத்தில் போய் நடுங்க நடுங்கக் குளித்தாய். வயிறு வீங்கிய பிறகுதான் திருநெல்வேலிக்குப் போனோம். குடிக்காத பொம்பளைக்கு ஈரல் எப்படிக் கெடும் என்று சொந்தக்காரர்கள் நம் காதுபடவே பேசினார்கள். டாக்டர் கிருமியின் பெயரைச் சொன்னார், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் என்றும் சொன்னார். எப்படிப் பரவும் என்று அவர் சொன்னதை நீ காதில் வாங்கினாயா, இல்லையா? திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் ஒதுங்கி, என் தோள் படாமல் உட்கார்ந்துகொண்டாய்.

வீட்டுக்கு வந்ததும் உன் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டைத் தனியாக எடுத்து வைத்தாய். கழுவும்போது கலந்துவிடக் கூடாது என்று அதன் அடியில் என் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாய். அதுவரை உன் தட்டில் முதல் வாய் எனக்குத்தான். அதற்குப் பிறகு ஒரு வாய்கூட நீ தரவில்லை. அழுது கேட்டேன். "ஏட்டி, சொன்னாக் கேளு. எம்பாவம் என்னோட போட்டும்" என்றாய். இரண்டு வருடம் அப்படியே இருந்தாய். மகளைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடு போய்ச் சேர்ந்தாய். அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கல்லூரியில் ரத்ததான முகாம் நடந்தது. பெருமையாகப் போய்க் கையை நீட்டினேன். சில நாள் கழித்துத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னார்கள். தட்டால்தான் வந்துவிட்டது, உன் தட்டிலிருந்து நான் திருட்டுத்தனமாக அப்பளம் எடுத்துத் தின்றேனே, அதனால்தான் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் அதைத் தெளிவாக்கினார். தட்டில் பரவாதாம், அம்மா. தம்ளரில் பரவாதாம். கட்டிப்பிடித்துத் தூங்கினாலும் பரவாதாம். பெரும்பாலும் ரத்தத்தின் வழியாகத்தான் வருமாம். எனக்கு அது நான் பிறந்த அன்றைக்கே உன் ரத்தத்திலிருந்து வந்திருக்கிறது. நீ தட்டைப் பிரித்து வைத்தபோது, அது எனக்குள் பதினாலு வருடமாகக் குடியிருந்தது.

"நம்ம ஒடம்புக்குள்ள காவல் சுத்துத அணுக்கள் உண்டும்மா" என்றார் டாக்டரம்மா. "அன்னியனக் கண்டா விடாது. ஆனா பொறந்த பிள்ளையோட காவலுக்கு அனுபவம் பத்தாது. பொறந்த அன்னைக்கே உள்ள வந்துட்டவன வீட்டாளுன்னு நெனச்சு விட்டுரும்."

பல வருடம் போன பிறகுதான் அந்தக் காவலுக்குச் சந்தேகம் வருமாம். அப்புறம் கிருமி புகுந்த கல்லீரல் அணுக்களைத் தேடித் தேடி அழிக்க ஆரம்பிக்குமாம். உன் ஈரலைத் தழும்பாக்கியது பெரும்பாலும் கிருமி இல்லை, அதைத் துரத்தப் போன உன் சொந்தக் காவல்தான். எவ்வளவு மும்முரமாகச் சண்டை போட்டிருக்கிறாய், பார்! உன் அம்மாவும் கண் மஞ்சளாகித்தான் போனாள் என்று சொல்வாயே, உனக்கும் பிறக்கும்போதே வந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. பாவம் என்றாயே அம்மா, இதில் யார் செய்த பாவம் இருக்கிறது?

அப்பா கதையைக் கேட்டால் சிரிப்பாய். அவருக்கும் பரிசோதனை செய்தோம். எப்போதோ அவர் உடம்புக்குள்ளும் அது போயிருக்கிறது. வளர்ந்த ஆளுடைய காவல், பார்த்தவுடன் அன்னியன் என்று கண்டுபிடித்துத் துரத்திவிட்டது. சண்டை நடந்த தடயம் மட்டும் ரத்தத்தில் இருக்கிறது, அவருக்கே தெரியாது. இப்போது நம் குத்துக்கல்வலசை வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு "எங்கிட்டயா?" என்று மீசையை முறுக்குகிறார். உன்னிடம் சண்டை போட்டு ஒருநாளும் ஜெயிக்காத மனுஷன்!

உன் மருமகன் மாரியப்பனிடம், பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். "அதுக்கு ஊசி உண்டுல்லா? போட்டுக்கிட்டாப் போச்சு" என்றார். மூன்று ஊசியும் போட்டு, ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தாலி கட்டினார். ஆனால் அவர் அம்மாவிடம் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அத்தை குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் காதில் ஒன்று விழுந்தால் ஐந்தருவி வரைக்கும் போய்விடும் என்ற பயம்தான்.

நான் மாசமானதும் பயம் வேறு மாதிரி ஆனது. எனக்கு வந்தது போல அவளுக்கும் வந்துவிட்டால்? கடைசி மூன்று மாதமும் கிருமியை அடக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஒருநாள் தவறவில்லை. பிள்ளை பிறந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு ஊசி போட வேண்டும், அதுதான் முக்கியம் என்றார்கள்.

ஆவணியில், காலையில் பிறந்தாள் குழலி. அத்தை பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாதா? பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் யார் சேனை என்று சீனித் தண்ணீர் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். எங்கள் வீட்டில் அதற்கு ஆய்க்குடி சித்தப்பாவை வரச் சொல்லியிருந்தார்கள். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர். பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். அதற்குள் சிஸ்டர் தட்டில் ஊசிகளோடு வந்துவிட்டார். அத்தை பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இருங்க சிஸ்டர். மொதல்ல சேனை வைக்கணும். அவிய வந்துட்டு இருக்காவ. பொறவு போடுங்க."

"சீனித் தண்ணி எல்லாம் வைக்கப்படாது. தாய்ப்பால் மட்டும்தான். பிள்ளையக் குடுங்க."

"அது சரி, அடுத்த கட்டில் பிள்ளைக்குத் தொடையில ஒண்ணுதான போட்டிய? நம்ம பிள்ளைக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சொல்லாமல் அவர் சொல்லமாட்டார். அந்த நேரத்தில் நீ பஸ்ஸில் ஜன்னலோரம் ஒதுங்கியதுதான் கண்ணுக்குள் வந்தது.

"அத்தை, எனக்கு ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு. எங்கம்மா அதுலதான் போனாங்க. பிள்ளைக்கு வந்துரக் கூடாதுன்னுதான் ரெண்டு ஊசி. சித்தப்பா வார வரைக்கும் தாங்காது. குடுத்துருங்க அத்தை."

அத்தை பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டுத் தள்ளி நின்றார். இரண்டு தொடையிலும் ஊசி ஏறியது. குழலி ஆஸ்பத்திரியே அதிர அழுதாள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

மறுநாள் எனக்குக் கஞ்சி வந்த தூக்குவாளியின் கைப்பிடியில் ஒரு கறுப்பு நூல் கட்டியிருந்தது. எனக்குத் தனியாம். உன் தட்டின் பொட்டுதான் அது, வேறு நிறத்தில். சிஸ்டர் கண்ணில் அது பட்டுவிட்டது. கட்டிலோரம் உட்கார்ந்து அத்தைக்குப் பாடமே எடுத்துவிட்டார்.

"தூக்குவாளியில ஒட்டாதும்மா, நூலை அவுத்துப் போடுங்க. நேத்துப் போட்டதுல ஒண்ணு வாடகைக் காவல். வேற மனுசங்க ஒடம்புல உண்டான எதிர்ப்புச் சத்து. உடனே வேலைக்கு நிக்கும், ஆனா சில மாசத்துல கெளம்பிப் போயிரும். இன்னொண்ணு தடுப்பூசி. அதுல கிருமியே கெடையாது, கிருமி போட்டுருக்க சட்டை மட்டும்தான். 'இந்தச் சட்டையில எவன் வந்தாலும் விடாத'ன்னு பிள்ளையோட ஒடம்புக்குக் காட்டிக் குடுக்கோம். வாடகை ஆள் போறதுக்குள்ள சொந்தக் காவல் தயாராயிரும். பார்த்த முகத்த மறக்காத அணுவெல்லாம் உண்டு, அது வருசக்கணக்கா உள்ளயே இருக்கும்."

"ஒரு தடவ காட்டினா போதுமா?" என்று அத்தை கேட்டார். கிருமி என்று நான் சொன்ன பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

"போதாது. ஒண்ணரை மாசத்துல, ரெண்டரை மாசத்துல, மூணரை மாசத்துல, இன்னும் மூணு தடவ காட்டணும்."

அடுத்த வேளைக்கு வந்த தூக்குவாளியில் நூல் இல்லை. "வெளிய யாருட்டயும் மூச்சு விடாத" என்று மட்டும் சொன்னார். ஆனால் மூன்று ஊசிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போய் நின்றது அத்தைதான். ஜுரம் வந்தால் "உள்ள படிப்பு நடக்குட்டி" என்று எனக்கே சமாதானம் சொன்னார்.

அப்புறம் காத்திருப்பு. வாடகைக் காவல் முழுதாகப் போன பிறகு பார்த்தால்தான், ரத்தத்தில் இருப்பது இரவலா, அவளுடைய சொந்தமா என்று தெரியுமாம். பத்து மாதம் வயிற்றில் சுமந்தேன், பத்து மாதம் இந்த ரிப்போர்ட்டுக்காகச் சுமந்தேன். இரண்டாவதுதான் அம்மா பெரிய பாரம்.

அந்தத் தாளோடு இன்றைக்குக் குற்றாலத்துக்குப் போனேன். சீசன் கூட்டம் தெரியும்தானே? கடை வாசலில் நிற்க இடமில்லை. அத்தை இடுப்பில் குழலியை வைத்துக்கொண்டு நேந்திரங்காய் சிப்ஸ் அள்ளிக்கொண்டிருந்தார். "அத்தை, இல்ல!" என்று தெருவிலிருந்தே கத்தினேன். கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டார். பிறகு, மூச்சு விடாதே என்று எனக்குச் சொன்ன அதே அத்தை, எதிர்க்கடை, பக்கத்துக் கடை, குளிக்க வந்த கூட்டம் எல்லாவற்றுக்கும் கேட்கிற மாதிரி என்ன சொன்னார் தெரியுமா?

"எம் மருமவளுக்கு ரத்தத்துல கிருமி உண்டு! எம் பேத்திக்கு வரல்ல! பொறந்த அன்னைக்கே ரெண்டு ஊசி போட்டோம்லா!" அப்புறம் குழலியின் கன்னத்தைக் கிள்ளி, "சித்தப்பா எங்கன சேனை வச்சாரு? அந்த சிஸ்டர்லா மொதல்ல வச்சா. அவ கொணம்தான் வந்துருக்கு. ஒருத்தனையும் உள்ள விட மாட்டா" என்றார். தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாகக் குளிக்கக் கிளம்பிய ஒரு பெண் நின்று, "அந்த ஊசி எங்கன போடுதாங்க?" என்று விசாரித்தார். அத்தை கடையை விட்டுவிட்டு அவருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

அதனால்தான் இதை ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து உன் தட்டை இறக்கினேன். சிவப்புப் பொட்டு இன்னும் போகவில்லை. சுரண்டிவிடலாமா என்று பார்த்தேன், பிறகு நீ வைத்தது என்று விட்டுவிட்டேன். பருப்புஞ்சோற்றில் நெய் விட்டுக் குழையப் பிசைந்தேன். முதல் வாய் உன் பேத்திக்கு. துப்பிவிட்டாள்! இரண்டாவது வாய் நான் சாப்பிட்டேன். மூன்றாவது வாய்க்கு அவளே என் கையைப் பிடித்து இழுத்தாள். நீ எனக்குத் தராமல் போன அத்தனை வாய்க்கும் சேர்த்து அழுதேன் அம்மா. அவற்றைத் தந்திருக்கலாம். தந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தராமல் இருக்க நீ எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாய் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனக்கு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. ஒன்றைக்கூடத் தவற விடமாட்டேன். சித்தி பிள்ளைகள் எல்லாரையும் காதைப் பிடித்துப் பரிசோதனைக்கு இழுத்துப் போவேன். குழலிக்கு விவரம் தெரிகிற வயதில் உன்னைப் பற்றி முழுதாகச் சொல்வேன், தட்டைப் பற்றியும் சொல்வேன். அவள் இதில் சாப்பிடுகிற காலம் வரை இந்தத் தட்டு இனிப் பரணுக்குப் போகாது. இது சத்தியம்.

உன் தட்டில் சாப்பிட்டுவிட்டு, கைகூட இன்னும் சரியாகக் காயாமல் எழுதும்,
குழலியின் அம்மா,
உன் மகள் செண்பகம்.