மனுவில் எங்கள் பேர்

பாரிஸ், லாசப்பல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமா இருக்கன். உங்கட முழங்கால் நோவு குறைஞ்சுதா?

ஊர்க் காட்டைக் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதுற மனுவில ‘வேடர்’ என்டு போட வெக்கமா இருக்கு என்டு போனில சொன்னீங்க. நானும் இஞ்ச அதை ஆருக்கும் சொன்னதில்ல.

கடைச் சமையலறையில என்னோட வெங்காயம் வெட்டுற ஷார்லோத், தென்னமெரிக்காவில இருக்கிற பிரெஞ்சுக் கயானாவில பழங்குடி. “எங்கட காடு தனி ஆளுக்கில்ல, ஊருக்கே உரிமை” என்டாள் நேற்று.

“நாங்களும் அப்பிடித்தான், கடலோர வேடர்” என்டு எனக்கு வாயில வந்திட்டு. அவள் கத்தியை வச்சிட்டு என்னைக் கட்டிப்பிடிச்சாள்.

யாழ்ப்பாணத்து முதலாளியம்மா, “இவ்வளவு நாளும் ஏன் பிள்ளை சொல்லேல்லை?” என்டு மட்டும் கேட்டா. “வெக்கம்தான்” என்டன். ஆனா மனம் லேசாப் போச்சு.

வெக்கப்படாம போடுங்க அம்மா. எல்லாரும் சேர்ந்து அந்தப் பேரில கேட்டாத்தான் காடு ஊருக்கு வரும்.

எங்கட காட்டுப் பாலைப்பழம் காஞ்சது கொஞ்சம் அனுப்புங்க. ஞாயிறில அறையில தனியா இருக்கக்குள்ள சாப்பிடலாம். வேலைக்கு நேரமாச்சு, ஓடுறன்.

உங்கட மகள்,
யோகமலர்