குருவிக் கூட்டில் சரிகை

ஐப்பசி 9, ஞாயிறு.

அக்கா மகள் மலர், பின்ச் என்கிற சின்னக் கூண்டுக் குருவிகளை வளர்க்கிறாள். போன மாதம் அவை முட்டையிடக் கூண்டுக்குள் மண்கலயம் கட்டி, தேங்காய் நாரை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டாள்.

"ஏங் கண்ணு, கொல்லிமலை மகாராணி புள்ள பெக்கற எடத்துல தொடப்பத்தையா நறுக்கிப் போடுவ?" என்று பெட்டைக் குருவியைக் காட்டிக் கேட்டேன்.

"நீளமாப் போட்டாக் கால்ல சுத்திக்குமுங்க மாமா."

அவள் வேலைக்குப் போனதும் என் கல்யாண வேட்டிச் சரிகையை முழம் முழமாக உருவி உள்ளே போட்டேன். ஈரேழு உலகத்திலும் இப்படியொரு மெத்தை கிடையாது என்று குருவிகளிடமே பீற்றிக்கொண்டேன்.

இன்று மதியம் ஒரு குஞ்சின் காலில் அந்தச் சரிகை இறுகிக் கிடந்தது. நான் குஞ்சைப் பிடித்துக்கொள்ள, மலர் நகவெட்டியால் நறுக்கி எடுத்தாள். கால் கறுத்துவிட்டது. இனி அது தேறாதாம்.

"இது எப்படிங்க மாமா உள்ள வந்துச்சு?"

"வேட்டி கொடியில காயறப்ப தாய்க்குருவி இழுத்திருக்கும் சாமி. அதுக்கு ஆனை பலமாச்சே."

கூண்டு கொடிக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. அதனால் நம்பிவிட்டாள்.

"அப்பக் கூண்ட அங்க மாட்டுன எந் தப்புதானுங்க மாமா," என்று அழுதாள். நான் இல்லையென்று சொல்லவில்லை. கூண்டை இடம் மாற்ற ஆணி வேறு அடித்துக் கொடுத்தேன். ராத்திரி அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

மலையைப் பெயர்த்து மடியில் கட்டுவேன் என்று அளக்கிற வாய்க்கு, நான்தான் போட்டேன் என்று சொல்ல வரவில்லை. விடிந்ததும் சொல்லியாக வேண்டும். எப்படித் தொடங்குவது என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கண்ணு, அந்தச் சரிகை