கடைசி பெஞ்சில் புதுத் தலைமையாசிரியர்

12 ஜூன் 1959, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் இன்று இரட்டை விழா. புதுத் தலைமையாசிரியருக்கு வரவேற்பு, நெடுநாள் கணக்கு வாத்தியாரான அருளப்பன் சாருக்குப் பாராட்டு. ஏற்பாடெல்லாம் டிரில் மாஸ்டரான என் தலையில்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து மாலைகள் வந்துவிட்டன, மைக்கும் கட்டியாயிற்று. அருளப்பன் சாரை மட்டும் காணோம். நாலாவது ஃபாரம் வகுப்பில் ஒரு தேற்றம் நடத்திக்கொண்டிருந்தவர், "முடிச்சிட்டு வரேங்க" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

புது மனிதர் வந்த முதல் நாளே இப்படியா? அவரோ எழுந்து, "நானே போய்க் கூட்டிட்டு வரேன்" என்று போனார். அவரும் திரும்பவில்லை.

மாலையும் கையுமாக நான் ஓடினேன். கடைசி பெஞ்சில், பையன்களுக்கு நடுவே, தலைமையாசிரியர் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசி வரி புரியலைங்க சார். இன்னொரு தடவை சொல்லுங்க."

அருளப்பன் சார் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. வாசலில் நின்ற என்னிடம், "நீங்களும் உக்காருங்க மாஸ்டர்" என்றார். மாலைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

விழா தாமதமாகத்தான் தொடங்கியது, ஆனால் அமர்க்களம். ஒன்றுதான் உறுத்துகிறது. இரண்டாம் தடவையிலேயே தலைமையாசிரியருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இன்னும் புரியவில்லை. திங்கட்கிழமை அந்த பெஞ்சில் இடம் கேட்க வேண்டும்.